கழுத்தில் விழும் வரிகள்



கொழும்புத் தேசிய நூதனசாலையிலே தொலுவில என்னும் இடத்திலிருந்து கொணரப்பட்ட கருங்கற் புத்தர் சிலையொன்று உண்டு. அநுராதபுரத்தில் 1890ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்ட அச்சிலையின் கழுத்தை உற்று நோக்குவோர், ஆங்கே மூன்று கோடுகள் தெளிவாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்பர். அது சிற்பியின் கைப்பிழை அன்று. சங்கின்மேல் ஓடும் வரிகளைப் போலக் கழுத்திலும் வரிகள் அமைதல் உத்தம இலக்கணம் என்பது பழைய சிற்ப மரபு. கம்புக்கிரீவம் என்று வடமொழியார் அதனைக் கூறுவர். கம்பு என்பது சங்கு. கிரீவம் என்பது கழுத்து. தமிழ்ப் புலவரும் மகளிர் கழுத்துக்குச் சங்கை உவமையாகக் கூறி மகிழ்ந்தனர்.

அன்று அழகென்று கல்லிலே செதுக்கப்பட்ட அதே கோடுகள், இன்று கண்ணாடி முன் நிற்போர் பலருக்குக் கவலை தருகின்றன. முப்பது வயதிலேயே கழுத்தைச் சேலைத் தலைப்பால் மறைப்போர் உளர். கோடுகளை அழிப்பதாகக் கூறும் களிம்புகளுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவிடுவோர் உளர். பெயரும் முகவரியும் இல்லாத சிமிழ்களை வாங்கிப் பூசி, இருந்த நலத்தையும் இழந்து வைத்தியசாலைக்கு ஓடுவோரும் உளர். கழுத்தில் வரிகள் ஏன் விழுகின்றன, எவற்றைத் தடுக்கலாம், எவற்றைத் தடுக்க இயலாது, மருத்துவம் எம்மட்டில் உதவும், எங்கே ஏமாற்றும் தீங்கும் தொடங்குகின்றன என்பவற்றை அறிந்து கொண்டால், பணமும் மிஞ்சும். உடல் நலமும் மிஞ்சும்.

முதலில் கழுத்தின் அமைப்பை நோக்குவோம். தோல் என்பது ஒரே படலம் அன்று. மேலே மெல்லிய மேற்றோல். அதன் கீழே தடித்த உட்டோல். அதற்கும் கீழே கொழுப்புப் படை. உட்டோலிலே இருவகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தருவது. இலாஸ்டின் என்பது இழுத்து விட்டால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருவது. பாயின் பாவும் ஊடும் போல இவை இரண்டும் தோலைத் தாங்குகின்றன. கழுத்தின் முன்புறத் தோலோ முகத்தின் தோலினும் மெல்லியது. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளும் அங்கே குறைவு. ஆகவே அது எளிதில் வறளும், எளிதில் மடியும், புண்பட்டால் ஆறுவதும் மெதுவாகவே நிகழும். அத்தோலுக்குச் சற்றே கீழே, மார்பின் மேற்பகுதியிலிருந்து தாடைவரை, அகன்ற மெல்லிய தசையொன்று துணி விரித்தாற்போலப் பரந்து கிடக்கின்றது. பிளாற்றிஸ்மா என்பது அதன் பெயர். பல்லை இறுகக் கடித்து வாயின் ஓரங்களைக் கீழே இழுத்தால் கழுத்திலே கயிறுகள் போல எழுந்து நிற்பது அத்தசைதான்.

இவ்வமைப்பை அறிந்தால் கழுத்திலே தோன்றும் வரிகள் மூவகைப்படும் என்பது விளங்கும். முதலாவது வகை, குறுக்காக ஓடும் மடிப்புக் கோடுகள். கொழுகொழுவென்ற பச்சைக் குழந்தையின் கழுத்திலும் இவை உண்டு. தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் வாழ்வதனால், தோல் எங்கே மடியவேண்டுமோ அங்கே இயற்கை இட்ட மடிப்புகள் இவை. சிற்பி செதுக்கியவையும் இவையே. இவை நோயும் அல்ல. முதுமையின் அறிகுறியும் அல்ல. இரண்டாவது வகை, நுண்ணிய சுருக்கங்கள். கசங்கிய பட்டுத் துணி போலத் தோல் குறுகிச் சொரசொரப்பாகத் தோன்றுவது இவ்வகை. மூன்றாவது வகை, மேலிருந்து கீழாக ஓடும் நாண்கள். வயது ஏற ஏற மேலே கூறிய தசையின் ஓரங்கள் தளர்ந்து பிரிந்து, தோலின் வழியே வெளித்தெரிவதனால் இவை தோன்றுகின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு. ஆதலின் மூன்றுக்கும் பரிகாரமும் வேறு. ஒரே களிம்பு மூன்றையும் போக்கும் என்று கூறுவோர் இந்த அடிப்படையை அறியாதவராயிருத்தல் வேண்டும். அன்றி, அறிந்தும் மறைப்பவராயிருத்தல் வேண்டும்.

இனி, நுண் சுருக்கங்களின் காரணத்தை ஆராய்வோம். வயதுதான் காரணம் என்று பலர் எண்ணுவர். வயதுக்கும் பங்கு உண்டு. ஆயினும் பெரும்பங்கு ஞாயிற்றின் ஒளிக்கே உரியது. இதனை மெய்ப்பிக்க ஆய்வுகூடம் செல்லவேண்டியதில்லை. நடுத்தர வயதைக் கடந்த ஒருவர் நல்ல வெளிச்சத்திலே கண்ணாடி முன் நின்று தலையை நிமிர்த்தட்டும். நாடிக்கு நேர் கீழே, தாடையின் நிழல் விழும் இடத்திலே உள்ள தோலைப் பார்க்கட்டும். பின்னர் கழுத்தின் இரு பக்கங்களையும், சட்டையின் திறந்த பகுதியிலே தெரியும் மார்பையும் பார்க்கட்டும். நிழலிலே இருந்த தோல் மென்மையாகவும் ஒரே நிறமாகவும் இருக்கும். வெயில் பட்ட தோல் கருமையும் செம்மையும் கலந்து, சுருங்கிக் காணப்படும். இரண்டும் ஒரே உடலின் தோல். இரண்டுக்கும் ஒரே வயது. வேறுபாடு வெயில் ஒன்றுதான். வெயிலால் கழுத்தின் பக்கங்களிலே ஏற்படும் இந்நிறமாற்றத்தைச் சிவாற் என்னும் பிரெஞ்சுத் தோல்நோய் அறிஞர் 1923ஆம் ஆண்டில் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது.

அவருக்கும் முன்னரே, ஜேர்மனியின் துறைமுக நகராகிய ஹம்பேர்க்கில் வாழ்ந்த உன்னா என்னும் மருத்துவர், கப்பலோட்டிகளின் முகத்திலும் கழுத்திலும் தோல் தடித்துச் சுருங்கியிருப்பதைக் கண்டு, அது வெயிலுக்கும் காற்றுக்கும் வெளிப்பட்டமையின் விளைவு என்று 1894ஆம் ஆண்டில் எழுதினார். 2012ஆம் ஆண்டிலே அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் பார ஊர்தி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் படம் அது. ஊர்தியின் கண்ணாடிச் சாளரத்தை ஒட்டியிருந்த இடப்பக்கம் முழுதும் ஆழ்ந்த சுருக்கங்கள். வலப்பக்கமோ அதனினும் பல ஆண்டு இளமையாகத் தோன்றியது. ஒரே மனிதரின் இரு பக்கங்கள் இரு வேறு வயதினரைப் போலத் தோன்றியமை உலகெங்கும் மருத்துவரைச் சிந்திக்கச் செய்தது.

இதன் நுட்பம் யாதெனில், வெயிலிலே கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றுள் தரையை வந்தடைவன இரு வகை. ஒருவகை மேற்றோலைச் சுட்டுக் கருக்கும். மற்றவகை சுடாது, வலி தராது, ஆயின் மேகத்தையும் சாளரக் கண்ணாடியையும் ஊடுருவி உட்டோல்வரை செல்லும். அங்கே கொலாஜன் நார்களை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். இலாஸ்டின் நார்களும் சீர்குலைந்து திரண்டு கட்டியாகும். பாய் இற்றுப் போனால் அதன்மேல் விரித்த துணியும் தொய்வது போல, மேலே உள்ள தோல் தொய்ந்து சுருங்குகின்றது.

இலங்கையர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளவேண்டியவர்கள். இத்தீவு வட அகலாங்கு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே கிடக்கின்றது. ஆண்டிலே இருமுறை, ஏப்பிரல் மாத முற்பகுதியிலும், ஓகஸ்து இறுதி முதல் செப்டெம்பர் முற்பகுதி வரையிலும், ஞாயிறு தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த புறஊதாச் சுட்டெண்ணிலே 11உம் அதற்கு மேற்பட்டவையும் உச்சக் கடுமையைக் குறிப்பன. நண்பகலிலே அவ்வளவை எட்டுவது இந்நாட்டில் அரிய நிகழ்ச்சியன்று. கருநிறத் தோலுக்கு இயற்கை அளித்த மெலனின் என்னும் நிறப்பொருள் ஒருவகைக் கவசம் என்பது உண்மை. அதனால் வெள்ளைத் தோலினரைவிடச் சுருக்கங்கள் பிந்தியே வருகின்றன. ஆயினும் அக்கவசம் முழுமையானதன்று. அதற்குச் சான்று வேண்டுமாயின் வலிகாமத்துத் தோட்டங்களிலே வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சும் முதியவரின் பிடரியையும், பருத்தித்துறையிலே வலை இழுப்பவரின் கழுத்தையும், மட்டக்களப்பு வயல்களிலே நாற்று நடுபவரின் முதுகுக்கு மேற்பட்ட பகுதியையும் பார்த்தல் போதும். பிடரித்தோல் தடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஆழ்ந்த வெடிப்புகள் போல வரியோடியிருக்கும். அவ்வரிகளை இகழ்ச்சிக்குரியனவாக எவரும் எண்ணலாகாது. ஒரு நாட்டின் உணவுக்காகப் பட்ட வெயிலின் கணக்கு அது. எனினும், அடுத்த தலைமுறை உழவரும் அதே விலையைக் கொடுத்தே தீரவேண்டும் என்னும் நியதி இல்லை.

வெயிலுக்கு அடுத்த காரணங்களையும் சுருக்கமாகக் கூறலாம். வயது முதிர்ந்த பின், ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு வீதம் தோலின் கொலாஜன் குறைந்து வருகின்றது. மகளிர்க்கு மாதவிடாய் நின்ற பின் வரும் முதல் ஐந்து ஆண்டுகளில் அக்குறைவு மிக விரைவாக நிகழும். நூற்றுக்கு முப்பது பங்கு அளவும் குறையக் கூடும். ஐம்பது வயதை அடுத்து ஒரு பெண்மணியின் கழுத்துத் திடீரெனத் தளர்ந்தது போலத் தோன்றுவது அவர் கவனக்குறைவால் அன்று. உடலின் சுரப்புகள் மாறுவதால். புகைத்தல் மற்றொரு காரணம். புகைப்பவர்க்குச் சுருக்கங்கள் முந்தி வருவதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோலுக்குச் செல்லும் ஊட்டத்தைக் குறைக்கின்றது. இரத்தத்திலே சர்க்கரை மிகுதியாக நெடுநாள் நிற்பின், அது கொலாஜன் நார்களோடு பிணைந்து அவற்றை விறைக்கச் செய்கின்றது. பருத்த உடல் திடீரென மெலிந்தாலும் கழுத்துத் தோல் தொங்கும். உயர்ந்த தலையணையில் நாடி மார்பைத் தொடும்படி உறங்குவதும், மணிக்கணக்காகக் குனிந்தபடியே கைப்பேசியை நோக்குவதும் மடிப்புக் கோடுகளை ஆழமாக்கக் கூடும். காகிதத்தை ஒரே இடத்தில் பன்முறை மடித்தால் அங்கே கோடு நிலைப்பது போன்றது இது. ஆயினும் கைப்பேசி ஒன்றே காரணம் என்று அச்சுறுத்தும் விளம்பரங்களுக்கு உறுதியான ஆராய்ச்சி ஆதாரம் இல்லை. நிமிர்ந்திருந்து பார்ப்பது கழுத்தெலும்புக்கும் தசைக்கும் நன்று. அக்காரணம் ஒன்றே போதும்.

இனித் தடுக்கும் வழிகள். இவற்றுள் முதன்மையானது வெயிலிலிருந்து காப்பு. காலை பத்து மணிமுதல் பிற்பகல் மூன்று நான்கு மணிவரையுள்ள வெயில் கடுமையானது. மணிக்கூடு இல்லாதவர்க்கும் ஓர் எளிய அளவுகோல் உண்டு: தன் நிழல் தன் உயரத்திலும் குறுகியதாக இருக்கும்போது வெயில் கடுமையானது என்று கொள்க. அவ்வேளையில் செய்யவேண்டிய வெளிவேலையை முற்பகலுக்கோ மாலைக்கோ மாற்ற இயலுமாயின் மாற்றுக. இயலாதோர் அகன்ற விளிம்புடைய தொப்பி, கழுத்தைச் சுற்றிய பருத்தித் துவாய், கொலருள்ள சட்டை, குடை ஆகியவற்றைத் துணைக்கொள்க. தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையைச் சுற்றி முக்காடிட்டுக் கொள்ளும் வழக்கம் அறிவுடைய வழக்கம். அத்துணி பிடரியையும் மறைக்குமாறு தாழ விடுதல் வேண்டும். நெருங்கிய நெசவுடைய துணி எந்தக் களிம்பினும் சிறந்தது, விலையும் குறைவு, வியர்வையில் கரைந்து போவதும் இல்லை.

துணியால் மறைக்க இயலாத இடத்துக்கு வெயிற்காப்புப் பூச்சு உதவும். இதன் பயனை நன்கு நிறுவிய ஆராய்ச்சி அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர் என்னும் ஊரிலே நடைபெற்றது. 1992 முதல் 1996 வரை, ஊரவரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார் நாள்தோறும் தலை, கழுத்து, கைகளிலே பூச்சைத் தடவ, மறு பகுதியார் தத்தம் விருப்பப்படி நடந்தனர். அவருள் 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் தோற்பதிவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாள்தோறும் பூசியவரின் தோல் நாலரை ஆண்டிலே குறிப்பிடத்தக்க முதிர்ச்சி எதையும் காட்டவில்லை. மறு பகுதியாரோடு ஒப்பிட அவர்களின் முதிர்ச்சி நூற்றுக்கு 24 பங்கு குறைவாயிருந்தது. 2013ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட இம்முடிவு விளம்பரதாரரின் கூற்றன்று; முறையாக நடத்தப்பட்ட ஒப்பீட்டின் விளைவு.

பூச்சு வாங்குவோர் காப்பெண் 30 அல்லது அதற்கு மேற்பட்டதும், இருவகைக் கதிரையும் தடுப்பதும் ஆகிய ஒன்றைத் தெரிந்தெடுக்க. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். பலர் முகத்துக்குப் பூசி, எஞ்சிய ஈரத்தைக் கழுத்திலே துடைத்துவிட்டு அமைவர், அது போதாது. பிடரியையும் காதின் பின்புறத்தையும் மறத்தலாகாது. வெளியிலே நிற்போர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுதல் வேண்டும். இப்பூச்சுகள் விலை மிகுந்தவை என்பது உண்மை. வாங்க இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. குடையும் துணியும் நிழலும் அவர்க்குப் போதுமான காப்பைத் தரும்.

தோலை வறளவிடாமல் காப்பதும் நன்று. குளித்தபின், ஈரம் முற்றும் உலருமுன், தேங்காயெண்ணெயோ வேறு ஈரப்பூச்சோ மெல்லத் தடவுவது வறட்சியைப் போக்கும். நுண் சுருக்கங்கள் அப்போதைக்குக் குறைந்தும் தோன்றும். ஆயினும் எண்ணெய் வெயிலைத் தடுக்கும் கவசமென்று நம்பி வெளியே செல்லுதல் தவறு. கடுமையான சவர்க்காரம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது.

இங்கே வீட்டு வைத்தியம் ஒன்றைப் பற்றிச் சிறப்பாக எச்சரித்தல் கடமையாகின்றது. கழுத்துக் கருமையையும் வரியையும் போக்கத் தேசிக்காய்ப் பாதியைத் தேய்ப்பது பல வீடுகளிலே வழக்கம். தேசிக்காயின் சாற்றிலும் தோலிலும் உள்ள சில பொருள்கள் வெயிலோடு கூடும்போது தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். புண் ஆறிய பின்னும் கருந்தழும்பு பல மாதம் நிற்கும். கருமையைப் போக்கப் போய்ப் பெருங்கருமையைத் தேடிக்கொள்வதாக அது முடியும். சில வாசனைத் தைலங்களைக் கழுத்திலே பூசி வெயிலிற் செல்வதாலும் இவ்வாறே கருங்கோடுகள் விழும். வாசனையை ஆடையிலே தெளித்துக் கொள்வது நன்று.

அடுத்து, முன்னரே விழுந்துவிட்ட வரிகளுக்கு மருத்துவம் யாது? விற்றமின் ஏ இனத்தைச் சேர்ந்த ட்ரெட்டினோயின் என்னும் மருந்து, வெயிலால் கெட்ட தோலைச் சீர்செய்ய வல்லது என்று அமெரிக்க மருத்துவர் கிளிக்மனும் அவர்தம் குழுவினரும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பின் நடந்த ஆய்வுகளும் அதனை உறுதி செய்தன. அது நுண் சுருக்கங்களை ஓரளவு குறைக்கும். ஆழ்ந்த மடிப்புகளை அழிக்காது. பயன் தெரியப் பல மாதங்கள் செல்லும். கழுத்துத் தோல் மெல்லியதாதலின் எரிவும் உரிவும் அங்கே எளிதில் உண்டாகும். ஆகவே சிறு அளவில், வாரத்தில் இரண்டோர் இரவுகள் என்று தொடங்கி, மருத்துவர் கூறியபடியே மிகுத்தல் வேண்டும். பகலில் வெயிற்காப்பு இன்றியமையாதது. கருவுற்ற தாய்மாரும் கருவுற விரும்புவோரும் இம்மருந்தைத் தொடலாகாது.

கழுத்து நாண்களுக்குப் பொட்டுலினம் என்னும் நஞ்சை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றித் தசையைத் தளர்த்துவர். மாறுகண்ணுக்கு மருந்தாகத் தொடங்கி, 1989ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, கழுத்து நாண்களுக்கென அங்கே அனுமதிக்கப்பட்டது 2024ஆம் ஆண்டிலேதான். இதன் பயன் மூன்று நான்கு மாதமே நிற்கும். கழுத்திலே விழுங்கும் தசைகளும் குரல் தரும் தசைகளும் அருகருகே இருப்பதால், பயிற்சியற்ற கை ஏற்றும் ஊசி விழுங்குதலையே தடுமாறச் செய்யக் கூடும். லேசர் ஒளி, நுண்ணூசி உருளை முதலிய முறைகளும் உண்டு. கருநிறத் தோலிலே அவற்றை அளவறிந்து கையாளாவிடின், சுருக்கம் குறைவதற்குப் பதிலாகக் கரும்படை தோன்றும். மிகத் தொங்கிய தோலுக்கு அறுவை மருத்துவம் ஒன்றே உண்மையான மாற்றத்தைத் தரும். அதற்கும் செலவு, தழும்பு, ஆபத்து ஆகியவை உண்டு. கழுத்தைத் திருகும் பயிற்சிகளாலும் பிசைதலாலும் வரிகள் மறையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

நேயர்கள் மிகக் கருத்தாய்க் கேட்கவேண்டிய பகுதி இனி வருவது. திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் மணப்பெண்ணின் கழுத்தும் முகமும் பளபளக்க வேண்டுமென்று, கலவைக் கிறீம் என்ற பெயரிலே சிமிழொன்று வீட்டுக்கு வருகின்றது. அதிலே கலந்தவை யாவை என்று எழுதப்பட்டில்லை. செய்தவர் முகவரியும் இல்லை. பூசிய இரண்டாம் வாரத்திலே தோல் வெளுக்கின்றது. வரிகள் குறைந்தாற்போலத் தோன்றுகின்றன. வீட்டார் மகிழ்கின்றனர். அத்தகைய சிமிழ்களிலே பெரும்பாலும் இருப்பவை இரண்டு: ஒன்று வலிமை மிக்க ஸ்டீரொயிட், மற்றொன்று பாதரசம். ஸ்டீரொயிட் முதலில் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். நாட்பட நாட்படத் தோலை மேன்மேலும் மெலியச் செய்து, இரத்தக் குழாய்கள் வெளித்தெரியவும் கீற்றுக் கோடுகள் விழவும் செய்யும். நிறுத்தினாலோ தோல் கொதித்தெழும். வரியைப் போக்க வாங்கிய மருந்து வரியையே விளைவிக்கின்றது.

பாதரசத்தின் தீமை அதனினும் பெரிது. அது தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரின் கையும் துவாயும் பட்ட குழந்தைக்கும் அது பரவும். ஜப்பானிலே மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியே மக்களை அடைந்து முடமாக்கிய கொடுமை 1956ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசம் கலந்த ஒப்பனைப் பொருள்களைச் செய்தலும் ஏற்றுமதி இறக்குமதி செய்தலும் 2020ஆம் ஆண்டுக்குப் பின் கூடாது என்று அது விதித்தது. 2023ஆம் ஆண்டில், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவாயினும் 2025ஆம் ஆண்டோடு ஒழியவேண்டும் என்று மேலும் முடிவு செய்யப்பட்டது. விதி இருந்தும் சிமிழ்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை இனங்காண ஒரு குறிப்பு: தங்கமோ வெள்ளியோ படாமல் பூசுக என்று சிமிழிலே எழுதியிருந்தால், அல்லது விற்பவர் அவ்வாறு கூறினால், ஐயுறுக. பாதரசம் பொன்னைப் பற்றிக் கெடுக்கும் இயல்புடையது. கழுத்திலுள்ள தாலிக்கொடிக்கு ஆகாதென்று விற்பவரே ஒப்புக்கொள்ளும் பொருள், அக்கொடியைத் தாங்கும் கழுத்துக்கு எங்ஙனம் ஆகும்?

மற்றொரு செய்தி பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. சில சிறுவர் சிறுமியரின் பிடரியிலும் கழுத்தின் பக்கங்களிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெற்றுத் துணி போலத் தோன்றி, வரிவரியாகக் காணப்படும். அழுக்கு என்று கருதித் தாய் தும்பால் தேய்ப்பாள். குளிப்பதில்லை என்று வகுப்பிலே பிள்ளைகள் எள்ளுவர். பிள்ளை நாணத்தாற் குன்றி, கொலரை உயர்த்திக் கொண்டு பின்வாங்கிலே சென்று அமரும். உண்மையில் அது அழுக்கன்று. உடலிலே சுரக்கும் இன்சுலின் தக்கவாறு வேலை செய்யவில்லை என்பதனைத் தோல் வெளியிட்டு அறிவிக்கும் அடையாளமாகவே அது பெரும்பாலும் அமைகின்றது. பின்னாளிலே நீரிழிவு வரக்கூடும் என்னும் முன்னெச்சரிக்கை. தேய்ப்பதால் அது போகாது. தேய்க்கத் தேய்க்க மேலும் தடிக்கும். செய்யத்தக்கது, பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பித்தலே. இனிப்புப் பானங்களைக் குறைத்து, ஓடி விளையாடச் செய்து, உடல் எடையைச் சீராக்கினால் அக்கருமை மெல்ல மெல்லக் குறையும். ஒரு பிள்ளையின் கழுத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கும், அதனைப் பார்த்து வருங்கால நோயைத் தடுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவு ஒன்றே.

வளர்ந்தோரும் கழுத்தை நோக்கும்போது வரிகளை மட்டும் எண்ணிக் கொண்டிராமல், வேறு சிலவற்றையும் கவனித்தல் நன்று. நீரை விழுங்கும்போது மேலெழுந்து இறங்கும் வீக்கம் உண்டா? வாரக்கணக்காகக் கரையாத கட்டி உண்டா? ஆறாத புண்ணோ, உருவும் நிறமும் மாறிவரும் மறுவோ உண்டா? இருப்பின் மருத்துவரைக் காண்பதில் நாட் கடத்தலாகாது. இந்நாட்டின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கே கட்டணமும் இல்லை. தனியாரிடம் செல்வோர், ஊசி ஏற்றுபவர் இலங்கை மருத்துவச் சபையிலே பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது குற்றமாகாது. கேட்பது நோயாளியின் உரிமை. சினந்து மறுப்பவரிடமிருந்து எழுந்து வருவதும் உரிமையே.

தொகுத்துக் கூறுமிடத்து, மடிப்புக் கோடுகள் பிறவியோடு வந்தவை. அவற்றோடு பகை வேண்டுவதில்லை. வெயிலால் வரும் சுருக்கங்களைத் துணியாலும் நிழலாலும் பூச்சாலும் பெருமளவு தடுக்கலாம்; அதற்குத் தொடங்கத்தக்க வயது, பிள்ளை வெயிலிலே பள்ளிக்கு நடந்து செல்லத் தொடங்கும் வயதே. புகையிலையை விட்டால் தோலுக்கும் நன்மை. அதனினும் பெருநன்மை நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும். விழுந்த வரிகளைக் குறைக்க விரும்புவோர் பதிவு பெற்ற மருத்துவரை நாடுக; அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. விரும்பாதோரும் எதனையும் இழந்தவராகார். முகவரியற்ற சிமிழ் வீட்டுக்குள் வராதிருக்கட்டும். வந்திருப்பின் இன்றே அதனை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுக. நீண்ட நாள் பூசியவர் தாமாகத் திடீரென நிறுத்தித் துன்புறாமல், மருத்துவரின் சொற்படி மெல்ல விலகுதல் வேண்டும். நாளைக் காலை வெளியே புறப்படுமுன் குடையை மறவாது எடுத்துக் கொள்க. பிள்ளையின் கையிலும் ஒன்று கொடுத்தனுப்புக.